மாலையில் 180 வோல்ட், காலையில் உறைபனி: வீட்டில் பேட்டரி பேக் கட்ட எந்த ஸ்பாட் வெல்டர் வாங்குவது?

கூக்கல்தொரை தோட்டம்:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் கூக்கல்தொரையில் கேரட்டும் பீட்ரூட்டும் போடுகிறோம். முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர்கள் எங்கள் வீட்டில் நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி இருக்கிறது. ஒன்றரை ஆண்டு போனால் இரண்டாவது டேங்க் முடிவதற்குள் மோட்டார் முனகத் தொடங்கிவிடுகிறது. அவற்றுக்குப் பதிலாக 32700 அளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களை, தொடரில் நான்கு, இணையில் இரண்டு என்று எட்டெட்டாகக் கோத்து, 12.8 வோல்ட், 12 ஆம்பியர்-மணி பேக்குகளாக நானே கட்டிக்கொள்ள எண்ணியிருக்கிறேன். செல்களை நிக்கல் பட்டையால் இணைக்க வேண்டும்; அந்தப் பட்டையைக் கண நேர மின்னோட்டத்தால் செல்லில் பற்றவைப்பதற்குத்தான் ஸ்பாட் வெல்டர்.

இரண்டு முறை முயன்று தோற்றுவிட்டேன். முதல் முறை 60 வாட் சால்டரிங் அயர்னால் செல்லின் அடியில் நேராக ஈயம் வைத்தேன். அந்தப் பெரிய எஃகு அடி சூட்டைக் குடித்துக்கொண்டே இருந்ததால் ஈயம் பிடிக்க அரை நிமிடம் ஆயிற்று. அதற்குள் பிளாஸ்டிக் உறை சுருங்கிவிட்டது; மறுநாள் பார்த்தால் அந்தச் செல்லில் ஒன்றரை வோல்ட்தான் இருந்தது. அடுத்த முறை, கார் பேட்டரியில் இயங்கும் சிறிய மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) பலகை ஒன்றை இணையத்தில் வாங்கினேன். பத்து இடங்களில் ஒழுங்காகப் பற்றவைத்தது. பதினோராவது இடத்தில் மின்சாரம் நிற்கவே இல்லை. நிக்கல் பட்டை அடுப்புக் கங்கு போலச் சிவந்தது. நான் கையை இழுப்பதற்குள் செல்லின் மூடியில் மிளகளவு குழி விழுந்துவிட்டது. அந்தச் செல்லை மண்வெட்டியில் ஏந்திக்கொண்டு போய்ப் பாத்தியின் நடுவில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் தள்ளி நின்றேன்.

எட்டாயிரம் ரூபாய் வரை செலவிடலாம். தெரிந்தவர் ஒருவர் டிரான்ஸ்பார்மர் வகை இயந்திரம் ஒன்றைப் பழைய விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். கெப்பாசிட்டர் வகை நல்லது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

குன்னூர் வைண்டிங் கடை:

தம்பி, எந்த இயந்திரம் என்று கேட்பதற்கு முன்னால், வெல்டிங் செய்யப்போகும் அறையில் இருக்கும் பிளக்கில் மல்டிமீட்டரை வைத்து, காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் எவ்வளவு வோல்ட் வருகிறது என்று மூன்று நாள் எழுதி வையுங்கள். முப்பது ஆண்டுகளாக மோட்டார் வைண்டிங் செய்கிறேன். மலையில் மோட்டார் எரிவதற்கு நான் கண்ட முதல் காரணம் குறைந்த மின்னழுத்தம்தான்; வெல்டரையும் அது சும்மா விடாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பழைய மைக்ரோவேவ் அடுப்பைப் பிரித்து, அதன் டிரான்ஸ்பார்மரில் இரண்டாம் சுற்றை வெட்டி எடுத்துவிட்டு, தடித்த கேபிளை இரண்டு சுற்றுச் சுற்றி வெல்டர் செய்யலாம் என்று வீடியோ பார்த்துவிட்டு என் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. செய்யலாம்தான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் வெட்டுவதற்கு முன் அந்த இரண்டாம் சுற்றில் ஏறக்குறைய 2,000 வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் உயிரைக் குடிக்கும் அளவுக்கு மின்னூட்டத்தை வைத்திருக்கும். வைண்டிங் தொழில் பழகாதவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம்.

கூடலூர் சோலார்:

அண்ணா, பலகை கெட்டுப்போனது என்பதற்காக அந்த வகையையே ஒதுக்க வேண்டியதில்லை. நான் மூன்று ஆண்டுகளாகக் கார் பேட்டரியும் மாஸ்ஃபெட் பலகையும் வைத்துத்தான் 18650 அளவுள்ள லித்தியம் செல் பேக்குகளைக் கட்டுகிறேன். தரமான பலகையை வாங்குங்கள். பேட்டரியிலிருந்து வரும் கேபிள் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். மாலை வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்கினாலும் கார் பேட்டரிக்கு அது தெரியவே தெரியாது.

ஊட்டி இயற்பியல் ஆசிரியை:

மேலே சொன்ன இரண்டும் ஒரே கணக்கில் அடங்குவதால் அந்தக் கணக்கை எழுதுகிறேன். பற்றவைக்கும் இடத்தில் பிறக்கும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கம், அந்த இடத்தின் மின்தடை, நேரம் ஆகிய மூன்றின் பெருக்கம். வர்க்கம் என்ற சொல்லை மறந்துவிடக் கூடாது. டிரான்ஸ்பார்மர் இயந்திரத்தில் மின்னோட்டம் நம் வீட்டு மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். 230 வோல்ட்டில் சரிபார்த்து வைத்த அளவிலேயே 180 வோல்ட்டில் அடித்தால், மின்னோட்டம் 78 விழுக்காடுதான் இருக்கும். வெப்பமோ 61 விழுக்காடாகிவிடும். காலையில் பிடித்த பட்டை மாலையில் நகத்தால் நெம்பினாலே வந்துவிடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதோடு முடியவில்லை. இயந்திரம் அடிக்கும் அந்தக் கணத்தில் மின்கம்பியில் திடீரென்று பெரிய மின்னோட்டம் பாய்கிறது. கம்பத்திலிருந்து நம் வீடுவரை வரும் கம்பியின் தடை ஓர் ஓம் என்று வைத்துக்கொண்டால், 30 ஆம்பியர் இழுக்கும்போது 30 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். மீட்டரில் 200 காட்டினாலும் பற்றவைக்கும் கணத்தில் 170தான் கிடைக்கும். ஸ்டெபிலைசர் வைத்தால் நிலையான குறைவை அது சரிசெய்யும். இந்தக் கண நேரச் சரிவை அதனால் பிடிக்க முடியாது. நம் மின்சாரத்தில் ஓர் அரைச்சுழற்சி 10 மில்லிவினாடி. வேலை இரண்டு மூன்று அரைச்சுழற்சிகளில் முடிந்துவிடுகிறது. ஸ்டெபிலைசரின் ரிலே அசைவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகலாம். தவிர, அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் ஸ்டெபிலைசரின் விலை வெல்டரின் விலையைத் தாண்டிவிடும்.

கூடலூர் நண்பர் சொல்வது கூடலூருக்குச் சரி. அவர் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறார். ஊட்டி 2,240 மீட்டர். குளிரில் லெட் ஆசிட் பேட்டரியின் உள்தடை கூடும் என்பதை டிசம்பர் காலையில் ஜீப்பைக் கிளப்பிப் பார்த்த எவரும் அறிவர். நேரத்தை மட்டும் அளக்கும் பலகைக்கு மின்னோட்டம் குறைந்தது தெரியாது. மின்னோட்டம் பத்து விழுக்காடு குறைந்தால் வெப்பம் பத்தொன்பது விழுக்காடு குறையும். வெயில் ஏறிய பிறகு அதே அளவில் அடித்தால் அதிகமாகிவிடும்.

கூடலூர் சோலார்:

டீச்சர், கணக்கை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊரில் உறைபனியைப் படத்தில்தான் பார்க்கிறோம்.

கூக்கல்தொரை தோட்டம்:

குன்னூர் ஐயா சொன்னபடி மூன்று நாள் அளந்தேன். காலை ஆறு மணிக்கு 221, 224, 219. மாலை ஏழு மணிக்கு 183, 178, 186. மாலையில் பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டால் இன்னும் ஆறேழு வோல்ட் இறங்குகிறது. பகல் முழுவதும் தோட்டத்தில் இருப்பதால் எனக்கு வேலை செய்ய வாய்ப்பது மாலை ஏழு மணிக்குப் பிறகுதான். டிரான்ஸ்பார்மர் இயந்திரம் வேண்டாம் என்று, அதைத் தருவதாகச் சொன்னவரிடம் சொல்லிவிட்டேன்.

பூம்பாறை பூண்டுக்காரர்:

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரிலும் மாலை மின்னழுத்தமும் காலைக் குளிரும் இப்படித்தான். காட்டெருமை வரும் பாதையில் வைக்கும் சோலார் விளக்குகளுக்காக நான்கு ஆண்டுகளாகப் பேக்குகளைக் கட்டி வருகிறேன். நான் வைத்திருப்பது கெப்பாசிட்டர் வகை. அதில் பட்ட பாட்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கெப்பாசிட்டர் இயந்திரத்தின் நன்மை, அது மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு அடிக்கிறது என்பதுதான். சிறிய அடாப்டர் ஒன்று மெதுவாக உள்ளே மின்னூட்டத்தை நிரப்பும். அந்த அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை எதிலும் வேலை செய்யும் வகையாக இருந்தால், உங்கள் 178 வோல்ட் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. பற்றவைக்கும் கணத்தில் வீட்டுக் கம்பியிலிருந்து எதுவும் பெரிதாக இழுக்கப்படாது. எம்சிபி விழாது, விளக்கு மங்காது. பெரிய சூப்பர் கெப்பாசிட்டர்கள் உள்ள இயந்திரத்தில் எவ்வளவு சேமிப்பு இருக்கும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 2.7 வோல்ட், 3,000 பாரட் கெப்பாசிட்டர் இரண்டைத் தொடரில் வைத்தால் 5.4 வோல்ட், 1,500 பாரட். முழுதாக நிரம்பினால் ஏறக்குறைய 21,870 ஜூல். ஓர் அடிக்கு, அதாவது ஒருமுறை பற்றவைக்க, 50 ஜூல் போனாலும் அடுத்த அடிக்கு மின்னழுத்தம் மாறியதாகவே தெரியாது. மலிவான இயந்திரங்களில் கெப்பாசிட்டர் இதைவிடச் சிறியதாக இருக்கும். அதனால் ஒவ்வோர் அடிக்கும் பிறகு மீண்டும் நிரம்பும்வரை ஓரிரு வினாடி காத்திருக்க வேண்டும். திரையில் காட்டும் வோல்ட்டைப் பார்த்துவிட்டு அடுத்ததை அடிப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் ஒரு குறையும் இல்லை. சூப்பர் கெப்பாசிட்டரின் உள்தடை நம் ஊர்க் குளிரில் பெரிதாக மாறுவதில்லை என்பதால் ஆசிரியை சொன்ன குளிர்ச் சிக்கலும் தீர்ந்துவிடுகிறது.

கையில் பணம் இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. ஜெர்மனியின் கீன்லாப் செய்யும் கேவெல்டு போன்ற இயந்திரங்கள் நேரத்தைப் பார்ப்பதில்லை. பாயும் மின்னோட்டத்தையும் முனைகளின் மின்னழுத்தத்தையும் அளந்து, நாம் குறித்த ஜூல் போய்ச் சேர்ந்ததும் நிறுத்திவிடும். அதை இயக்கும் பேட்டரி குளிர்ந்திருந்தால் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டு அதே அளவு ஆற்றலைக் கொடுக்கும். ஆனால் அது உங்கள் எட்டாயிரத்துக்குள் அடங்காது. நான்கு ஸ்பிரேயருக்கு அது தேவையும் இல்லை. ஒரு பேக்குக்கு எட்டுச் செல், இரண்டு முனை, முனைக்கு இரண்டு அடி என்றால் முப்பத்திரண்டு அடி. நான்கு பேக்குக்கும் சேர்த்து நூற்று இருபத்தெட்டு. நடுத்தரக் கெப்பாசிட்டர் இயந்திரத்துக்கு இது இரண்டு மாலை நேர வேலை.

வாங்கும்போது நான் பார்ப்பவை இவை. காலால் அழுத்தும் பெடல் இருக்க வேண்டும். வெல்டரின் செம்பு முனை பட்டவுடனே தானாக அடிக்கும் வசதி மட்டும் உள்ளதை வாங்காதீர்கள். கை தவறி இடம் மாறிப் பட்டால் அங்கேயே அடித்துவிடும். இரண்டு துடிப்பு வசதி இருக்க வேண்டும். முதலில் சிறியது பட்டையைச் செல்லின் மேல் படியவைக்கும், அடுத்தது பற்றவைக்கும். செம்பு முனைகளைக் கழற்றித் தீட்ட முடிய வேண்டும். இருபது முப்பது அடிக்கு ஒருமுறை நான் உப்புத்தாளில் தேய்க்கிறேன். முனை கருத்துவிட்டால் தடை அங்கே கூடி, பட்டைக்குப் பதிலாக முனை சுடும்.

இயந்திரத்தைவிட என்னை அதிகம் ஏமாற்றியது நிக்கல் பட்டைதான். நிக்கல் பூசிய எஃகை அசல் நிக்கல் என்று சொல்லி விற்கிறார்கள். இரண்டும் காந்தத்தில் ஒட்டும் என்பதால் காந்தச் சோதனை பயன்படாது. எஃகின் தடை அதிகம். அதனால் அது எளிதில் பற்றிக்கொள்ளும். நமக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். ஓராண்டு மூடுபனியில் இருந்தால் துரு தெரியவரும். ஒரு துண்டை ஆணியால் ஆழமாகக் கீறி, உப்புத் தண்ணீரில் இரவு முழுவதும் போட்டுவையுங்கள். காலையில் கீறலில் செம்மண் நிறம் தெரிந்தால் எஃகு.

குன்னூர் வைண்டிங் கடை:

பூம்பாறைக்காரர் நன்றாகச் சொன்னார். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தம்பியின் பலகையில் நடந்தது மாஸ்ஃபெட்டின் இயல்பு. அது கெடும்போது பெரும்பாலும் திறந்துகொள்ளாது, மூடிக்கொள்ளும். அதாவது சுவிட்ச் போட்டபடியே நின்றுவிடும். கெப்பாசிட்டர் இயந்திரத்திலும் உள்ளே இருப்பது மாஸ்ஃபெட்தான். ஆகவே புதிய இயந்திரம் என்று நம்பி இரண்டு முனைகளையும் செல்லின் மேல் வைத்து உடம்புப் பாரத்தைப் போட்டு அழுத்தாதீர்கள். நின்றபடி, முழங்கை விலகி இருக்க, சட்டென்று தூக்கக்கூடிய பிடியில் வையுங்கள். கண்ணாடி போடுங்கள். பக்கத்தில் மணல் வாளி இருக்கட்டும். அடுப்படியில் வேண்டாம், வைக்கோல் அடுக்கிய கொட்டகையிலும் வேண்டாம்.

கூடலூர் சோலார்:

எனக்கு ஒரு சந்தேகம். 32700 செல்லில் இரு முனைகளிலும் திருகாணி வைத்த வகையே கிடைக்கிறதே? நட்டைப் போட்டு முடுக்கினால் வெல்டரே வேண்டாம். எட்டாயிரத்தையும் செல்லில் போடலாம்.

கூக்கல்தொரை தோட்டம்:

அண்ணா, அதையும் யோசித்துப் பார்த்தேன். ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு வரப்பில் ஏறி இறங்கும்போது நாள் முழுவதும் அதிர்வு. மோட்டாரின் நடுக்கம் வேறு. நட்டு தளர்ந்தால் அந்த இடம் சுடும். தவிர, திருகாணியும் நட்டும் சேர்ந்தால் உயரம் கூடி, பழைய பேட்டரி இருந்த பெட்டிக்குள் பேக் இறங்கவில்லை. அட்டையில் மாதிரி செய்து வைத்துப் பார்த்துவிட்டேன்.

ஊட்டி இயற்பியல் ஆசிரியை:

பெட்டிக்குள் இடம் குறைவு என்றால் நேர்முனையைக் கவனியுங்கள். செல்லின் முழு உடம்பும் எதிர்முனை. நேர்முனையின் மூடிக்கும் உடம்பின் விளிம்புக்கும் நடுவில் இருப்பது மெல்லிய வளையம் மட்டுமே. பட்டை அந்த விளிம்பில் உரசி உறை கிழிந்தால் அங்கேயே குறுக்குச்சுற்று ஏற்படும். ஒவ்வொரு நேர்முனைக்கும் மின்சாரம் கடத்தாத பார்லி பேப்பர் வளையம் ஒட்டாமல் பட்டையை வைக்காதீர்கள்.

பூம்பாறை பூண்டுக்காரர்:

ஆம், அதை எழுத மறந்துவிட்டேன். பட்டையின் நடுவில் நீளமாக வெட்டு விட்டது கிடைத்தால் அதையே வாங்குங்கள். வெட்டு இல்லாத பட்டையில் மின்சாரம் வெல்டரின் ஒரு செம்பு முனையிலிருந்து மறுமுனைக்குப் பட்டையின் வழியாகவே குறுக்கே ஓடிவிடும். வெட்டு இருந்தால் கீழே செல்லின் உடம்புக்குள் இறங்கித்தான் மறுபக்கம் ஏற முடியும். நமக்குத் தேவையான சூடு அந்த இறங்கும் இடத்தில்தான் இருக்கிறது.

கூக்கல்தொரை தோட்டம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவரும் நானும் பங்கு போட்டுக் கெப்பாசிட்டர் இயந்திரம் ஒன்றை வாங்கிவிட்டோம். செல்லும் பட்டையும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து சாலை வழியாக வந்தன.

முதலில் உப்புத் தண்ணீர்ச் சோதனை. இரண்டு கடைகளிலிருந்து பட்டை வாங்கியிருந்தேன். விலை அதிகமாக இருந்ததன் கீறல் காலையில் துருப்பிடித்திருந்தது. மலிவானது வெள்ளையாகவே இருந்தது. விலையைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்திருந்தால் நான்கு ஸ்பிரேயரிலும் எஃகைத்தான் வைத்திருப்பேன்.

பிறகு, சால்டரிங் அயர்னில் நான் கெடுத்த பழைய செல்லை முழுதாக வடித்துவிட்டு அதன் அடியில் பழகினேன். 0.15 மில்லிமீட்டர் பட்டைக்கு மிகக் குறைந்த அளவில் தொடங்கினேன். முதல் அடியில் இரண்டு சாம்பல் புள்ளிகள் மட்டும் விழுந்தன. குறட்டால் இழுத்ததும் பட்டை முழுதாக, ஓட்டை எதுவும் இல்லாமல் வந்துவிட்டது. ஒவ்வொரு படியாகக் கூட்டினேன். ஆறாவது படியில் இழுத்தபோது பட்டை வரவில்லை. குறட்டைச் சுருட்டி நெம்பியதும் கிழிந்தது. பட்டையில் குண்டூசித் தலையளவில் இரண்டு ஓட்டைகள்; செல்லின் மேல் அதே அளவில் இரண்டு நிக்கல் பொட்டுகள் அப்படியே ஒட்டியிருந்தன. எட்டாவது படியில் பொறி தெறித்து, பட்டையே ஊடுருவிப் போயிற்று. ஆகவே ஆறில் வைத்துக்கொண்டேன். அடித்த மறுகணம் விரலை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்புக்கூட இல்லை.

அதே ஆறில், மாலை ஏழரைக்கு 179 வோல்ட் இருக்கும்போது ஐந்து அடி. மறுநாள் காலை, அறையில் ஏழு டிகிரி இருக்கும்போது ஐந்து அடி. பத்தும் ஒரே மாதிரி கிழிந்தன. முதல் பேக்கைக் கட்டி ஸ்பிரேயரில் வைத்துவிட்டேன். மோட்டார் மூன்று ஆம்பியர்தான் இழுக்கிறது என்பதால் ஒற்றைப் பட்டையே போதும். பழைய பேட்டரி இரண்டு கிலோவைத் தாண்டும். இந்தப் பேக் ஒன்றே கால் கிலோகூட வரவில்லை. அப்பா முதுகில் மாட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே பேட்டரி வைத்தாயா என்று கேட்டார்.

பூம்பாறை பூண்டுக்காரர்:

மகிழ்ச்சி, தம்பி. சார்ஜ் செய்வது எங்கே? லித்தியம் செல்லைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். மருந்து அடிப்பதற்குக் குளிர் தடையில்லை. சார்ஜ் ஏற்றுவதற்குத்தான் தடை. உறைபனிக் காலையில் கொட்டகையில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள்.

கூக்கல்தொரை தோட்டம்:

மாலையில் திரும்பியதும் பேக்கைக் கழற்றி வீட்டுத் திண்ணையில் வைத்து, ஓர் ஆள் விழித்திருக்கும் நேரத்திலேயே சார்ஜ் போடுகிறோம். குளிரில் சார்ஜை நிறுத்தும் உணர்கருவி உள்ள பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் பலகை) போட்டிருக்கிறேன். சார்ஜரும் 14.6 வோல்ட்டில் நிற்கும் புதியது. பழைய லெட் ஆசிட் சார்ஜரைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன்.

கூடலூர் சோலார்:

அண்ணா, சனிக்கிழமை கோத்தகிரிச் சந்தைப் பக்கம் வருகிறேன். இரண்டு பேக்குக்குச் செல் வைத்திருக்கிறேன். உங்கள் இயந்திரத்தை ஒருமுறை கையில் பிடித்துப் பார்க்கலாமா?

கூக்கல்தொரை தோட்டம்:

தாராளமாக வாருங்கள், அண்ணா. மதியத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது பார்லி பேப்பர் வளையம் ஒரு தாள் வாங்கி வாருங்கள். என்னிடம் இருந்தது இரண்டாவது பேக்கோடு தீர்ந்துவிட்டது.